மீன் வளர்க்கவா பல்கலைக்கழகம்?

மாணவர்களே, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும். தவறு என்னுடையது. நட்டம் என் மாணவிக்கு.

ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்துப் பெண் அவள். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அம்மா விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் உரம் போடும் வேலை செய்கிறவர். எங்கள் பள்ளியில் படிவம் 5 முடித்து, ஆறாம் படிவமும் படித்து, எஸ்.டி.பி.எம். தேர்வை நன்றாகவே எழுதியிருந்தாள். யூ.பி.யூ. முடிவு வந்த அன்று மாலை அம்மாவையும் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்து கைப்பேசியை நீட்டினாள். அவள் முதலில் கேட்டிருந்தது ஆசிரியர் பயிற்சி, அடுத்து மருத்துவ ஆய்வகத் துறை. கிடைத்திருந்ததோ அக்குவாகல்ச்சர். பட்டியலின் கடைசியில் ஏதோ போட வேண்டுமே என்று போட்டது.

“மீன் வளர்க்கவா டீச்சர் இவ்வளவு படிச்சா? அதைத் தோட்டத்துல சும்மாவே வளர்க்கலாமே” என்றார் அம்மா. நானும் சிரித்துவிட்டேன். “மேல்முறையீடு செய்ம்மா, வேற ஏதாவது கிடைக்கும்” என்று சொல்லி அனுப்பினேன். மேல்முறையீட்டில் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிய நாளும் கடந்துவிட்டது. அவள் இப்போது செனவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறாள்.

நான் அறிவியல் பட்டதாரி. அதற்குமேல் ஆசிரியர் பயிற்சி டிப்ளோமாவும் பெற்றவள். உயிரியல் பாடத்தைப் பத்து ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். ஆனாலும் அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எனக்குப் புத்தி வந்தது என் மாமாவின் குட்டையில்.

மாமா தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். இ.பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பகாவ் பக்கம் கூட்டாளி ஒருவரின் நிலத்தில் குத்தகைக்கு மூன்று குட்டைகள் வெட்டி, சிவப்புத் திலாப்பியா விட்டார். தீபாவளிக்கு விற்க வேண்டும் என்று தீவனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுவந்தார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு நாள் விடியற்காலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பெரிய குட்டையில் மீன்கள் வயிறு மேலே தெரிய மிதக்கின்றனவாம். “நீ சயின்ஸ் டீச்சர்தானே, என்னான்னு வந்து பாரும்மா. எவனாவது மருந்து கலந்துட்டானா?”

போனேன், பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று மாமா போலீசில் புகார் கொடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் மீன்வளத் துறையிலிருந்து ஓர் இளம் மலாய்ப் பெண் அதிகாரி வந்துசேர்ந்தார். குட்டையை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு மாமாவிடம் மூன்றே கேள்விகள் கேட்டார். “பாக்சிக், எத்தனை மணிக்கு மீன் மேலே வந்து வாயைத் திறந்தது? கடந்த இரண்டு மூன்று நாளாக வெயில் இருந்ததா? தண்ணீர் எப்போதிலிருந்து இவ்வளவு பச்சை?” பிறகு ஒரு கருவியைத் தண்ணீரில் இறக்கினார். கரைந்துள்ள உயிர்வளி லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே காட்டியது. “யாரும் மருந்து வைக்கவில்லை. மீன் மூச்சுத் திணறிச் செத்திருக்கிறது” என்றார்.

தண்ணீரிலே வாழும் மீன் எப்படி மூச்சுத் திணறும்? இதை நீங்களே யோசித்துப் பார்க்கலாம். இதற்கு வேண்டிய பாடம் முழுவதும் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் உயிர்வளி உண்டு. நம் நாட்டுக் குட்டைத் தண்ணீர் பெரும்பாலும் 30 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். அந்த வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் காற்றோடு சமநிலையில் இருந்தால், ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் உயிர்வளியைத்தான் கரைத்து வைத்திருக்கும். தண்ணீர் சூடாகச் சூடாக இந்த அளவு இன்னும் குறையும். ஆக மீன் நம்மைவிட மிகவும் ஏழ்மையான ஒரு காற்றை நம்பி வாழ்கிறது. குட்டை பச்சையாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள கோடிக்கணக்கான நுண்பாசிகள். பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வளியைக் கொடுக்கும். சூரியன் மறைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். சுவாசம் மட்டும் நிற்காது. இரவு முழுவதும் பாசியும் மீனும், அடியில் தேங்கிய தீவனத்தை அழுகவைக்கும் பாக்டீரியாவும் ஒரே சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். சேமிப்பு மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடிவதற்குச் சற்று முன்பு. அதற்கு முந்தைய இரண்டு நாளும் மேகமூட்டமாக இருந்திருந்தால் சேமிப்பே சரியாகச் சேர்ந்திருக்காது.

மாமா தாராளமாகப் போட்ட தீவனம் மீனுக்குப் போனது பாதி, பாசிக்கு உரமானது பாதி. தீபாவளிக்குப் பெருக்க நினைத்த மீனை அந்தப் பாசிதான் கொன்றது.

அந்த அதிகாரி அதோடு போய்விடவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பிவந்து அதே இடத்தில் மறுபடியும் அளந்தார். இப்போது 10-ஐத் தாண்டியிருந்தது! ஒரே குட்டை, ஒரே நாள். காலையில் மீனுக்கு எமன், மாலையில் தேவைக்கு மேல் உயிர்வளி. அன்றைக்கே அவர் ஒரு தட்டையும் செய்துகொடுத்தார். வட்டமான ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கறுப்பும் வெள்ளையுமாக நான்கு பாகமாகச் சாயமடித்து, நடுவில் கயிறு கட்டி, கீழே ஒரு கல்லைத் தொங்கவிட்டார். தண்ணீரில் இறக்கினால் அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ, அதை வைத்துப் பாசியின் அடர்த்தியை மதிப்பிடலாம். 30, 40 சென்டிமீட்டர் வரை தெரிந்தால் நல்லது. ஒரு சாணுக்குள் மறைந்துவிட்டால் ஆபத்து. இதற்குச் செக்கித் தட்டு என்று பெயர். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கிச் சோதித்தது இதன் தொடக்கம். அவர் உண்மையில் ஒரு வானியல் அறிஞர். நட்சத்திரம் பார்த்தவர் கண்டுபிடித்த தட்டு, பகாவில் என் மாமாவின் கையில்.

“எங்கே படித்தீர்கள்?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். திரெங்கானு மலேசியப் பல்கலைக்கழகத்தில் அக்குவாகல்ச்சர் என்றார். எனக்கு என் மாணவியின் முகம் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தப் படிப்பைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தமிழில் இதை நீருயிர் வளர்ப்பு என்று சொல்லலாம். மீன் மட்டுமல்ல, இறால், நண்டு, சிப்பி, கடற்பாசி எல்லாம் இதில் அடக்கம். மாணவியின் அம்மா நினைத்ததுபோல, நான் சிரித்ததுபோல, தீவனம் போட்டு வலை வீசும் படிப்பு அல்ல இது. இதில் முதலில் படிப்பது தண்ணீரை. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. அது தேங்கினால் நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரஜன் சுழற்சி என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறீர்களே, அதேதான். தொட்டியில் மீன் வளர்ப்பவருக்கு அந்த பாக்டீரியா கூலி வாங்காத தொழிலாளி. தண்ணீரின் பி.எச். ஏறினால் அதே அளவு அமோனியா இன்னும் கொடியதாகிவிடும். வேதியியலை வெறுக்கும் மாணவர்கள் இந்தப் படிப்புக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது இனப்பெருக்கம். ஆற்றில் வாழும் பல கெண்டை இனங்கள் குட்டையில் விட்டால் நன்றாக வளரும், ஆனால் முட்டையிடாது. ஒவ்வோர் ஆண்டும் ஆற்றுக்குப் போய்க் குஞ்சு பிடித்துவர வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் இந்தியாவில் ஒடிசா மாநிலத்து அங்குலில் ஹீராலால் சௌதுரி என்ற ஆய்வாளர், வேறு மீன்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீனை முட்டையிட வைத்தார். அந்த நாளை இந்தியா இன்றும் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறது. பட்டாணி அளவுகூட இல்லாத சுரப்பி என்று நீங்கள் படம் வரைந்து பெயர் குறிக்கிறீர்கள். அந்தச் சுரப்பியின் சாறு ஒரு நாட்டின் மீன் உற்பத்தியையே மாற்றியது.

நம் நாட்டிலும் அப்படி ஒரு கதை உண்டு. லிங்கி ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களுக்கு உடாங் காலா என்றால் உயிர். (முதலையையும் அங்கே பார்க்கலாம். ஆகவே கரையிலேயே இருங்கள்.) இந்த நன்னீர் இறாலைக் குட்டையில் வளர்க்கப் பலரும் விரும்பினார்கள். முட்டை பொரிந்தது, ஆனால் குஞ்சுகள் சில நாளில் செத்துப்போயின. நன்னீர் இறாலின் குஞ்சுக்கு நன்னீரைத்தானே கொடுப்போம்? 1961-இல் பினாங்கு குளுகோரில் பணியாற்றிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் நிபுணர் ஷாவ்-வென் லிங், அந்தக் குஞ்சுகளுக்கு உப்பு கலந்த தண்ணீர் வேண்டும் என்பதைக் கண்டறிந்தார். தாய் இறால் முகத்துவாரம்வரை இறங்கிப்போய்க் குஞ்சு விடுகிறது. குஞ்சு கொஞ்சம் வளர்ந்த பிறகு ஆற்றின் மேற்பகுதிக்கு ஏறிவருகிறது. காரணம் அவ்வளவுதான். 1965-இல் மலேசிய இறால்கள் ஹவாய்க்குப் போய், அங்கே பெருமளவில் குஞ்சு பொரிக்கும் முறை உருவானது. இன்று உலகின் பல நாடுகளில் இதை வளர்க்கிறார்கள். நம் ஆற்று இறால், நம் நாட்டில் நடந்த ஆய்வு. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். சுவா பெத்தோங், லின்சம் பக்கத்துப் பிள்ளைகளே, விடுமுறைக்குத் தெலுக் கெமாங் கடற்கரைக்குப் போய்க் குளித்துவிட்டு, நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறீர்கள். அதே வட்டாரத்தில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் ஐ-அக்குவாஸ் இருக்கிறது. நீருயிர் வளர்ப்புக்கும் நீர்வாழ் அறிவியலுக்குமான அனைத்துலகக் கழகம் அது. மாநிலத்தின் மறுகோடியில், ஜெலெபு மாவட்டத்தில் தித்திக்கு அருகே கிளாமி லெமியில், மீன்வளத் துறையின் நன்னீர் மீன் ஆய்வு மையம் இருக்கிறது. கடல் மீனுக்கு ஒன்று, ஆற்று மீனுக்கு ஒன்று என்று இரண்டும் நம் வாசலில்தான். பட்டப்படிப்பு படிக்க வேண்டுமானால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விவசாயப் புலத்தில் இதற்கென்றே ஒரு துறை உண்டு. திரெங்கானுவிலும் சபாவிலும் உள்ள பல்கலைக்கழகங்களிலும் படிக்கலாம். திரெங்கானுவில் எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு மீன்வள டிப்ளோமாவும் உண்டு. சபா பல்கலைக்கழகத்தார் இரண்டு வகைக் கெராப்பு மீன்களைக் கலந்து உருவாக்கிய புதுக் கெராப்புதான் இன்று பல சீன உணவகங்களின் கண்ணாடித் தொட்டியில் நீந்துகிறது.

இதெல்லாம் சரி, நம் பிள்ளைகளுக்கு இதில் இடம் உண்டா என்று கேட்பீர்கள். தோட்டத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பதும் அதுதான். அவர்களுக்கு நான் இப்போது இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

உலக மீன் ஆய்வு மையமான வேர்ல்ட்ஃபிஷ்ஷின் தலைமையகம் பினாங்கு பத்து மாவுங்கில் இருக்கிறது. அதில் பணியாற்றிய இரண்டு பேர் உலக உணவுப் பரிசு பெற்றிருக்கிறார்கள். வேளாண்மைக்கும் உணவுக்கும் நோபல் பரிசுபோல மதிக்கப்படுவது அது. முதலாமவர் மொடடுகு விஜய் குப்தா. ஆந்திரக் கடற்கரைப் பக்கம் பாபட்லாவில் பிறந்தவர். வங்காளதேசத்தில் சாலையோரப் பள்ளங்களையும், ஆண்டில் சில மாதம் மட்டுமே தண்ணீர் நிற்கும் குட்டைகளையும் காட்டி, நிலமில்லாத ஏழைகளுக்கும் பெண்களுக்கும் மீன் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார். 2005-இல் அவருக்குப் பரிசு கிடைத்தது.

இரண்டாமவர் சகுந்தலா தில்ஸ்டெட். இவர் பிறந்தது டிரினிடாட் தீவில், ரிஃபார்ம் என்ற சின்னக் கிராமத்தில். அங்கே எப்படி இந்தியர்கள் வந்தார்கள்? நம் முன்னோர்கள் பால்மரம் வெட்ட இங்கே கொண்டுவரப்பட்டதுபோல, அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்டத்தை நம்பிய அந்தத் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள். வேளாண்மை படித்து, டென்மார்க்கில் முனைவர் பட்டம் பெற்று, வங்காளதேசத்தில் சத்துக்குறைவால் வாடும் குழந்தைகளைப் பார்த்தார். அந்த ஊர்க் குட்டைகளில் மோலா என்ற சிறு மீன் உண்டு. விரல் நீளம்தான் இருக்கும். பெரிய கெண்டையை வளர்ப்பதற்குமுன் மருந்து போட்டு அதைக் கொன்றுவிடுவது வழக்கம். களை என்று நினைத்தார்கள். தில்ஸ்டெட் அதைச் சோதித்துப் பார்த்தார். தலையோடும் முள்ளோடும் கண்ணோடும் முழுதாகத் தின்னும் அந்தச் சிறு மீனில் வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. கெண்டையோடு சேர்த்து வளர்த்தாலும் கெண்டை குறையவில்லை. பெரிய மீன் சந்தைக்கு, சின்ன மீன் பிள்ளைகளின் தட்டுக்கு. 2021-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. நம் வீட்டில் நெத்திலியைத் தலையைக் கிள்ளி எறியும் அம்மாக்களிடம் இந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

தோட்டத்துக் கூலிகளின் வழிவந்த ஒரு பெண், பினாங்கைத் தலைமையகமாகக் கொண்ட ஒரு நிறுவனத்திலிருந்து, மீனைப் படித்து உலகப் பரிசு வாங்கியிருக்கிறார். அதே படிப்பை நான் சிரித்துத் தள்ளினேன்.

இனி வேலை. இங்கே நான் இனிப்பாகப் பேசப் போவதில்லை. இந்தப் படிப்பை விற்கும் கையேடுகளில் வரும் படங்களெல்லாம் வெள்ளை மேலங்கி போட்டவர்கள். உண்மையில் முதல் சில ஆண்டுகள் ரப்பர் காலணியும் சேறும்தான். குஞ்சு பொரிப்பகத்தில் வேலை என்றால் ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, தீபாவளியும் இல்லை. குஞ்சுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். பண்ணைகள் பெரும்பாலும் பட்டணத்திலிருந்து தொலைவில் இருக்கும். தொடக்கச் சம்பளமும் கவர்ச்சியாக இருக்காது. மீன்வளத் துறையில் அதிகாரி பதவி பாதுகாப்பானது. பட்டதாரிக்கு ஒரு பதவி, டிப்ளோமாக்காரர்களுக்கு உதவி அதிகாரி பதவி என்று உண்டு. ஆனால் எஸ்.பி.ஏ. வழியாகத்தான் போக வேண்டும். காலியிடம் சில, விண்ணப்பிப்பவர்கள் பலர். அதை மட்டும் நம்பி இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள்.

ஆனால் வேறு கதவுகளும் இருக்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மீன் வளர்ப்பில் ஆகும் செலவில் பாதிக்கும் மேல் தீவனத்துக்கே போகிறது. ஆகவே தீவன நிறுவனங்களுக்குச் சத்து அறிவியல் தெரிந்தவர்கள் வேண்டும், பண்ணை பண்ணையாகப் போய் விளக்கிச் சொல்பவர்களும் வேண்டும். இங்கே ஒரு செய்தி, செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கையும் செம்பனை எண்ணெயையும் திலாப்பியா தீவனத்தில் சேர்க்கும் ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடந்திருக்கின்றன. புண்ணாக்கில் நார் அதிகம், மீனுக்குச் செரிக்காது. நொதிகளைக் கொண்டு அதைச் செரிக்கவைக்க முடியுமா என்பது கேள்வி. உங்கள் அப்பா வெட்டிப் போடும் குலையின் கடைசி மிச்சம் அது. அதன் அருமையும் அதன் நாற்றமும் உங்களுக்குத் தெரிந்த அளவு, பட்டணத்துப் பிள்ளைக்குத் தெரியாது.

ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் கறுப்புத் தண்ணீர்க் குளங்கள் இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? செம்பனை ஆலையிலிருந்து வரும் கழிவுநீரின் உயிர்வளித் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். அதாவது அதை அப்படியே ஆற்றில் விட்டால் ஆற்றிலுள்ள உயிர்வளியை எல்லாம் குடித்துவிடும். சட்டம் அனுமதிப்பது 100. இடையில் இருப்பதெல்லாம் அந்தக் குளங்களில் வேலை செய்யும் பாக்டீரியாவின் பாடு. மாமாவின் குட்டையில் நடந்ததும் இதுவும் ஒரே கணக்குத்தான். தண்ணீரைப் படித்தவருக்குப் பண்ணையில் வேலை இல்லாவிட்டாலும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலும் நீர்ப் பரிசோதனைக் கூடங்களிலும் வழி உண்டு.

பிறகு நோய். 2010-ஆம் ஆண்டையொட்டி இறால் பண்ணைகளில் ஒரு நோய் பரவியது. குட்டையில் விட்ட ஒரு மாதத்துக்குள் இறால் செத்துவிடும். சீனா, வியட்னாம், மலேசியா, தாய்லாந்து என்று ஒவ்வொரு நாடாகப் பண்ணைகள் முடங்கின. காரணம் தெரியாமல் வளர்ப்பவர்கள் தவித்தார்கள். 2013-இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு, விப்ரியோ இனத்து பாக்டீரியா ஒன்றுதான் காரணம் என்று கண்டறிந்தது. நார்வே நாட்டில் ஒரு காலத்தில் சால்மன் மீனுக்கு டன் கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொட்டினார்கள். தடுப்பூசி வந்த பிறகு அது மிகமிகக் குறைந்துவிட்டது. நம் திலாப்பியாவைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் தடுப்பு மருந்தைப் புத்ரா பல்கலைக்கழகத்தில் ஆய்ந்திருக்கிறார்கள். நுண்ணுயிரியல் பிடித்த மாணவருக்கு இதில் வாழ்நாள் முழுதும் வேலை இருக்கிறது. மருத்துவம் கிடைக்கவில்லை என்று அழும் பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். நோயாளி மனிதனாகத்தான் இருக்க வேண்டுமா என்ன?

அலங்கார மீன் இன்னொரு பெரிய தொழில். ஆசிய அரவானா மீனை அனைத்துலக ஒப்பந்தம் காக்கிறது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் மின்சில்லு பொருத்திய மீனைத்தான் வெளிநாட்டுக்கு விற்கலாம். ஏற்றுமதி, பதப்படுத்தும் ஆலைகளில் தரக் கட்டுப்பாடு, வங்கிகளில் பண்ணைக் கடன் மதிப்பீடு என்று பட்டியல் இன்னும் நீளும். நான் நீட்டப் போவதில்லை.

சொந்தப் பண்ணை வைப்பதைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டங்களில் பேசுகிறவர்கள் எல்லாரும் “படித்துவிட்டு முதலாளி ஆகுங்கள்” என்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு நிலம் எங்கே இருக்கிறது? குடியிருக்கும் வீடே தோட்டத்துக்குச் சொந்தம். நான்கு தலைமுறை உழைத்தும் நம் பெயரில் ஒரு குட்டை வெட்ட இடமில்லாமல் வெளியேறிய குடும்பங்கள் எத்தனை! என் மாமா குத்தகைக்கு எடுத்தும் ஒரே இரவில் பாதி முதலை இழந்தார். 22 வயதில், பி.டி.பி.டி.என். கடன் தலைமேல் இருக்கும்போது, கையில் அனுபவம் இல்லாமல் இன்னொரு கடன் வாங்கிக் குட்டை வெட்டாதீர்கள். ஐந்தாறு ஆண்டு இன்னொருவர் பண்ணையில் அவருடைய மீன் சாவதைப் பார்த்துப் பழகிவிட்டு, பிறகு வெட்டுங்கள்.

உலகம் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில்தான் முதன்முறையாக உலகில் பிடித்த மீனைவிட வளர்த்த மீன் அதிகமானது. மீன், இறால், நண்டு எல்லாம் சேர்த்து வளர்த்தது 94.4 மில்லியன் டன், பிடித்தது 91 மில்லியன் டன். இது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கு. மலேசியர்களாகிய நாம் உலகச் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் மீன் தின்கிறவர்கள். கடலில் மீன் குறைகிறது, விலை ஏறுகிறது. அதற்காக வளர்ப்பெல்லாம் நல்லது என்று சொல்லமாட்டேன். இறால் குட்டைக்காகச் சதுப்புநிலக் காடுகளை அழித்த கதை இந்த வட்டாரம் முழுவதும் உண்டு. அதைத் தடுத்து நிறுத்தவும் அத்துறையைப் படித்தவர்தான் வேண்டும்.

படிவம் 5 மாணவர்களே, யூ.பி.யூ. பாரத்தை நிரப்பும் முன் சில காரியங்களைச் செய்யுங்கள். பல்கலைக்கழகத்தின் திறந்த நாளுக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். தொழிற்பயிற்சி எத்தனை மாதம், எந்தப் பண்ணையில் என்று கேளுங்கள். போன ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். உயிரியலும் வேதியியலும் எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். புள்ளியியலும் படிக்க வேண்டிவரும். கணக்கைக் கைவிட்டுவிடாதீர்கள். சேறு பிடிக்காது, மீன் வாடை ஆகாது என்றால் நேர்மையாக ஒப்புக்கொண்டு வேறு படிப்பைப் பாருங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் ‘கூலி வேலை மாதிரி இருக்கிறது, ஊரில் என்ன சொல்வார்கள்’ என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்காதீர்கள். ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால், என்னைப்போல் சிரிக்கிறாரா, தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறாரா என்று கவனியுங்கள்.

சென்ற மாதம் அந்த மாணவியைச் சிரம்பான் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இரவு வேலை முடிந்து வந்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல டீச்சர்” என்றாள். மாமாவின் குட்டைக் கதையைச் சொன்னதும் தூக்கம் கலைந்துவிட்டது போலிருக்கிறது, நிறையக் கேள்வி கேட்டாள். பேருந்து வந்த பிறகும் கேட்டுக்கொண்டே ஏறினாள். இந்த ஆண்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பதாக இரண்டு நாள் கழித்துச் செய்தி அனுப்பியிருந்தாள். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லையாம். வரும் சனிக்கிழமை அவர்கள் இருவரையும் பகாவுக்கு அழைத்துப் போகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கே வந்துவிடச் சொல்லியிருக்கிறார் மாமா. அளவு மிகவும் இறங்கும் நேரம் அதுதான்.